முதல் சுற்றில் 710 புள்ளி பெரியவன்: காய் மாற்றிப் பிழைக்க முடியுமா?

கேள்வி (ஒரு வாசகர்): வார இறுதி ஓப்பன் சதுரங்கப் போட்டிகளில் முதல் சுற்றே வீண் என்பது என் கட்சி. மேல்பாதிக்காரர்கள் கீழ்ப்பாதிக்காரர்களை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போகிறார்கள். ஆட்டத் திறனுக்கான மதிப்பெண்ணில் 700 புள்ளி வித்தியாசம் வைத்துக்கொண்டு ஆடி யாருக்கு என்ன லாபம்? பலவீனமானவர் காய்களைச் சீக்கிரம் வெட்டி மாற்றிப் பலகையைக் காலியாக்கினால் டிராவாவது கிடைக்கும் என்கிறார் என் பயிற்சியாளர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

8 செப்டம்பர் 2025, இரவு 11.20

உங்கள் பயிற்சியாளர் சொன்னதை நம்பித்தான் நானும் சனிக்கிழமை காலை போய் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்துப் பல்நோக்கு மண்டபம். குளிர்சாதனம் எலும்பு வரை இறங்கியது. 58 பேர், மதிப்பெண் பட்டியலில் எனக்கு 36-ஆம் இடம். சுவிஸ் முறையில் முதல் சுற்றுக்குப் பட்டியலை நடுவில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். 1-க்கு எதிரே 30, 2-க்கு எதிரே 31. அப்படிப் போனால் எனக்கு எதிரே 7. முதல் சுற்றில் சமமான ஆட்டம் ஒன்றுகூட இருக்காது. எல்லா மேசையிலும் ஒரு பக்கம் கத்தி, ஒரு பக்கம் ஆடு.

என் கத்திக்கு 17 வயது இருக்கும். தொடக்கக் கல்லூரி மாணவன், 2230. நான் 1520. அந்த 1520-லும் 320 இனாமாக வந்தது. 2024 மார்ச் 1-ஆம் தேதி உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லாரையும் தூக்கிவிட்டதே, 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 விழுக்காடு. 1200-ஆகப் படுத்தவன் 1520-ஆக எழுந்தேன். அன்று காலை மனைவியிடம் சொன்னேன். "சம்பளத்திலும் இப்படிச் செய்வார்களா?" என்று கேட்டாள்.

"குட் லக், அங்கிள்" என்று கை கொடுத்தான். ஆளுக்கு 60 நிமிடம், நகர்வுக்கு 30 வினாடி கூடுதல். எனக்குக் கறுப்பு. காரோ கான் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடினேன். 14-ஆவது நகர்வில் ராணியை மாற்றிக்கொண்டேன், உள்ளுக்குள் ஒரே குதூகலம். 22-இல் ஒரு யானை, 27-இல் இன்னொரு யானை. ஒவ்வொன்றும் பலகையை விட்டு இறங்க இறங்க எனக்கு மூச்சு வந்தது. இடையில் இரண்டு முறை டிரா கேட்டேன். முதல் முறை தலையாட்டி மறுத்தான். இரண்டாம் முறை நடுவர் பக்கம் திரும்பிப் பார்த்தான். காது சூடாகிவிட்டது, வாயை மூடிக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், என்னுடைய முதல் சிப்பாய் எப்போது போனது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அடி எதுவும் விழவில்லை, மிரட்டல் இல்லை. குழாயில் சொட்டுச் சொட்டாக நீர் போவது மாதிரி போனது. 40-ஆவது நகர்வில் ஒரு சிப்பாய் கடன், 47-இல் இரண்டு.

கடைசிக் கட்டம் இது. அவனிடம் ராஜா எஃப்4-இல், கறுப்புக் கட்ட மந்திரி ஒன்று, ஜி, எச் வரிசைகளில் இரண்டு சிப்பாய்கள். என்னிடம் ராஜா ஜி7-இல், குதிரை எஃப்6-இல், வேறெதுவும் இல்லை. ஜி சிப்பாயை 4-ஆம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டுச் சாவகாசமாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். அந்த அலட்சியமே என்னைப் பாதி கொன்றுவிட்டது. குதிரையை டி5-க்குக் கொண்டுபோய் ஒரு செக் கொடுத்தேன். ராஜா ஈ5-க்கு ஏறி வந்து குதிரையை முறைத்தது. பி4-க்கு ஓடி மந்திரியை மிரட்டினேன். மந்திரி ஓர் அடி நகர்ந்துகொண்டது, சிப்பாய்கள் இரண்டும் கைகோத்துக்கொண்டு நடந்தன. 63-இல் கை கொடுத்தேன்.

தோற்றுப்போன நிலைதான், செய்வதற்கு எதுவும் இல்லை. ஆகவே என் பதில்: காய் குறைந்தால் வித்தியாசமும் குறையும் என்பது கட்டுக்கதை. நடு ஆட்டத்தில் அவன் தப்புச் செய்யக் கொஞ்சமாவது இடம் இருந்தது. அதையும் நானே துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தேன்.

9 செப்டம்பர், மதியம் 1.05

புள்ளி எவ்வளவு போனது என்று கேட்டிருக்கிறார்கள். 1.6. அவ்வளவுதான்.

எத்தனை பெரிய வித்தியாசமாக இருந்தாலும் கணக்குக்கு அதை 400 என்றே எடுத்துக்கொள்வார்கள். 400-க்குப் பலவீனமானவரிடம் எதிர்பார்ப்பது 0.08. என் பெருக்கு எண் 20. இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள். டிரா எடுத்திருந்தால் 8.4 ஏறியிருக்கும். அவன் வயதுக்குப் பெருக்கு எண் 40, அவனுக்கு 16.8 இறங்கியிருக்கும். ஜெயித்ததால் அவனுக்குக் கிடைத்தது 3.2. மூன்று மணி நேரம் உட்கார்ந்து 3.2 சம்பாதித்தான் பாவம்.

400 என்ற வேலியை எடுத்துவிட்டால் என்ன என்று சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த மதிப்பெண் முறையை வகுத்த எலோ என்பவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கியில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். அவருடைய கணக்கை 1970-இல் ஃபிடே ஏற்றுக்கொண்டது. இன்று பரவலாகப் புழங்குகிற அதன் சூத்திரப்படி (ஃபிடே அட்டவணையிலிருந்து கொஞ்சம் மாறும்) 400 வித்தியாசம் என்றால் 11 ஆட்டத்தில் 1 புள்ளி சின்னவனுக்கு. 710 என்றால் ஏறத்தாழ 60 ஆட்டத்தில் 1 புள்ளி. அந்த ஒன்று ஒரு வெற்றியாகவும் வரலாம், இரண்டு டிராவாகவும் வரலாம்.

60 ஆட்டத்துக்கு இந்த இடுப்பு தாங்காது.

10 செப்டம்பர், இரவு 10.45

முந்தாநாள் எழுதியதில் ஒரு வரியை அடித்துவிடுங்கள். "தோற்றுப்போன நிலைதான்" என்ற வரியை.

மகன் பல்தொழில் கல்லூரியில் படிக்கிறான். சதுரங்கத்தில் அவனுக்கு ஆர்வமே கிடையாது. ஆட்டத்தாளைப் பார்த்து நகர்வுகளை ஒவ்வொன்றாகச் செயலியில் ஏற்றிக்கொண்டிருந்தவன், "அப்பா, இங்கே சைபர் காட்டுகிறதே" என்றான். சைபர் என்றால் சமம். எங்கே? அவன் ஜி4 தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன அதே இடத்தில்.

குதிரையால் அந்த ஜி4 சிப்பாயை வெட்டியிருக்க வேண்டும். ராஜா குதிரையைத் தின்னும், தின்னட்டும். மிச்சம் என்ன? அவனிடம் ஒரு மந்திரியும் எச் சிப்பாயும். என்னிடம் ராஜா மட்டும், எச்8 மூலைக்கு ஓரடி தூரத்தில். மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அவனால் என்னைக் கிளப்ப முடியாது. சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டம் எச்8. அது கறுப்புக் கட்டம். மந்திரி அந்த நிறத்தில் கால் வைக்காத மந்திரியாக இருந்தால் மூலைக்கு யார் செக் கொடுப்பது? நெருக்கி வந்தால் எனக்கு நகர இடமில்லாமல் ஸ்டேல்மேட், அதுவும் டிராதான். தள்ளி நின்றால் நான் ஜி8, எச்8 என்று ஊஞ்சல் ஆடிக்கொண்டிருப்பேன். ஒரு மந்திரி முழுசாக அதிகம், ஒரு சிப்பாயும் அதிகம், இருந்தும் டிரா. "தப்பான நிற மந்திரி" என்று அடிப்படைப் புத்தகங்களில் வருகிற பாடம். நானும் படித்திருக்கிறேன். படித்தது தலையில் இருந்தது, கை வரைக்கும் வரவில்லை.

60-இல் ஒன்று என்று நேற்று எழுதினேனே. அந்த ஒன்றில் பாதி மேசை வரைக்கும் வந்துவிட்டுப் போயிருக்கிறது.

10 செப்டம்பர், இரவு 11.30

கீழே ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: "முதல் பதிவில் கறுப்புக் கட்ட மந்திரி என்கிறீர்கள். அப்படியானால் எச்8-ஐ அது பார்க்குமே, டிரா கிடையாதே?"

கிடையாதுதான். எழுந்துபோய் ஆட்டத்தாளைப் பார்த்தேன். மந்திரி நின்றது டி3-இல். அது வெள்ளைக் கட்டம். என் ஞாபகம்தான் கறுப்பு. ஐந்து வருடம் கழித்து மறந்தால் சரி, இரண்டே நாளில் மந்திரியின் நிறம் மாறியிருக்கிறது. ஆடும்போதே நிறத்தைக் கவனிக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

இன்னொருவர் "ராணியைத்தானே மந்திரி என்பார்கள்?" என்று கேட்டிருக்கிறார். என் அப்பாவும் ராணியைத்தான் மந்திரி என்பார். செம்பவாங்கில் இருந்தபோது அட்டைப் பலகையில் சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்குப் போய் குவீன், பிஷப் என்று கற்றேன். பிறகு தமிழில் பேச ஆரம்பித்தபோது பிஷப் மந்திரி ஆகிவிட்டது. அப்பா பிஷப்பை என்ன சொன்னார் என்பதே மறந்துபோயிற்று. இங்கே மந்திரி என்றால் குறுக்கே போகிறதே, அது.

13 செப்டம்பர், மாலை 6.10

புளோக்கின் கீழ்த்தளத்தில் கட்டம் பதித்த கல்மேசை ஒன்று இருக்கிறது. காலையில் அங்கே அந்த நிலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீனச் சதுரங்கம் ஆட வருகிற பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். இந்த விளையாட்டின் விதி அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என்ன பிரச்சினை என்று மலாயில் கேட்டார். குதிரையைக் கொடுத்தால் டிரா, கொடுக்காவிட்டால் தோல்வி, நான் கொடுக்கவில்லை என்றேன். "சாயாங்" என்றார். அந்தச் சொல்லுக்கு மலாயில் இரண்டு பொருள் உண்டு: அன்பு, அடடா வீணாகிவிட்டதே. இரண்டில் எதைச் சொன்னார் என்று தெரியவில்லை, இரண்டுமே பொருந்தியது.

அதற்கப்புறம் இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 14-ஆவது நகர்விலிருந்து காய் மாற்ற வேண்டும், காய் மாற்ற வேண்டும் என்று பறந்தவன் நான். ராணியை மாற்றினேன், இரண்டு யானைகளை மாற்றினேன், கேட்காதபோதும் மாற்றினேன். மாற்றியே ஆக வேண்டிய ஒரே ஓர் இடத்தில் மாற்றவில்லை. ஏன்? அதுவரை எல்லாம் சரிக்குச் சரி. ராணிக்கு ராணி, யானைக்கு யானை. இங்கே மட்டும் குதிரையைக் கொடுத்து ஒரு சிப்பாய். தேக்கா சந்தையில் கத்திரிக்காய் வாங்குகிற கணக்கில் அது நஷ்டம். கடைசியாக மிஞ்சிய ஒரே சொத்து அந்தக் குதிரை. அதை அடகு நகையைப் போலப் பிடித்துக்கொண்டிருந்தேன். நம்மூர்ச் சொல் ஒன்று இருக்கிறதே, கியாசு, எதையும் இழந்துவிடுவோமோ என்ற பயம். அதேதான்.

ஆகவே எட்டாம் தேதி எழுதிய முடிவைப் பாதி திருத்துகிறேன். காய் குறைப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எதற்காகக் குறைக்கிறோம் என்று தெரியாமல் குறைப்பது தப்பு. அவன் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மிஞ்சுவதைப் பார்த்தான். நான் போனதை எண்ணினேன்.

(மகன் இதைப் படித்துவிட்டு, "அந்த ஆட்டத்தில் அவன் ஜி4 தள்ளியதும் தப்புதானே அப்பா, அவன் என்னத்தைப் பார்த்தான்?" என்கிறான். அதற்கு இன்னும் பதில் இல்லை.)

20 செப்டம்பர், இரவு 9.50

பதில் கிடைத்துவிட்டது. பீஷானில் வட்டப்பாதை ரயிலுக்கு மாறும்போது அந்தப் பையனையே பார்த்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "அங்கிள், குதிரை" என்றான். வணக்கம்கூடச் சொல்லவில்லை, முதல் சொல்லே குதிரை!

சிப்பாயிலிருந்து விரலை எடுத்த அந்த நொடியே தெரிந்துவிட்டதாம். கடிகாரத்தை அழுத்தியாகிவிட்டது, தொட்ட காயைத் திரும்ப எடுக்க முடியாது. உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று எழுந்து போயிருக்கிறான். தாகமே இல்லையாம். குழாயடியில் நின்று இருபது வரை எண்ணினானாம். திரும்பி வந்து, குதிரை டி5-இல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டானாம்.

நான் அலட்சியம் என்று எழுதினேன். அது பயம்.

இதில் எனக்கு உறைத்தது வேறொன்று. மேசையில் யார் அதிகம் பயப்பட வேண்டும்? எனக்குப் போவது 1.6. அவனுக்குப் போவது 16.8, அதோடு "ஒரு அங்கிளிடம் டிரா விட்டான்" என்று நண்பர்கள் ஆறு மாதம் சிரிப்பார்கள். கணக்குப்படி நடுங்க வேண்டியவன் அவன். நான் இரண்டு பேருக்கும் சேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

எந்த நகர்வில் என் முதல் சிப்பாய் போனது என்று கேட்டேன். "நீங்கள் ராணியை மாற்றியபோதே அங்கிள். கையில் வந்தது 40-இல்." ரயில் வந்துவிட்டது.

21 செப்டம்பர், காலை 8.15

"சின்னவன் பெரியவனைச் சாய்த்த கதை எத்தனையோ இருக்கிறதே, நீங்கள் ஏன் அழுதுகொண்டே இருக்கிறீர்கள்" என்று ஒருவர். இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே. அஷ்வத் கௌஷிக், 2024 பிப்ரவரி, சுவிட்சர்லாந்தின் பர்க்டோர்ஃப் நகரத்து ஓப்பன். எட்டரை வயதில் போலந்து கிராண்ட்மாஸ்டர் யாசெக் ஸ்தோபாவை நீண்ட நேர ஆட்டத்தில் தோற்கடித்தான். ஸ்தோபாவுக்கு அப்போது 37. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் செர்பியாவின் லியோனித் இவானோவிச், அவனுக்கும் எட்டு வயது, பெல்கிரேடில் 59 வயதான பல்கேரிய கிராண்ட்மாஸ்டர் மில்கோ போப்செவை வென்று சாதனை வைத்திருந்தான். சாதனை ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அஷ்வத் பிறந்தது இந்தியாவில், ஆடுவது சிங்கப்பூருக்கு. அந்த வாரம் கோப்பிக்கடையில் சதுரங்கமே தெரியாதவர்கள்கூட அவனைப் பற்றிப் பேசினார்கள்.

போன மாதம் லிவர்பூலில் போதனா சிவானந்தன். பத்து வயது, இங்கிலாந்துக்கு ஆடும் தமிழ்ப் பிள்ளை. பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பின் கடைசிச் சுற்றில் கிராண்ட்மாஸ்டர் பீட்டர் வெல்ஸை வென்றாள். கிராண்ட்மாஸ்டரை வென்ற பெண்களில் அவளைவிட இளையவர் இல்லை.

ஆனால் இதை என் கதையோடு சேர்க்காதீர்கள். வளர்கிற பிள்ளையின் மதிப்பெண் போன வருடத்துச் சட்டை. உடம்பு அதைத் தாண்டி வளர்ந்திருக்கும். பட்டியலில் 500 வித்தியாசம் என்றால் மேசையில் 200 கூட இருக்காது. எனக்கு 52 வயது. என் சட்டை 2024 மார்ச்சில் தைத்துக் கொடுத்தது, எனக்குத்தான் அது தொளதொள.

27 செப்டம்பர், இரவு 12.30

தூக்கம் வராததால் ஒரு கிளைக்கதை.

காய் மாற்றி அழிந்தவன் நான் மட்டும் இல்லை. 2024 டிசம்பர் 12, செந்தோசாவில் குகேஷ், டிங் லிரன் மோதிய 14-ஆவது ஆட்டம். ஆளுக்கு 6.5. அன்றைக்கு வியாழக்கிழமை, மாலை 5 மணிக்கு ஆட்டம். நான் மாலை வேலையில், கைப்பேசியை மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் யானை, மந்திரி, சில சிப்பாய்கள். டிங்குக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் தாங்கக்கூடிய நிலை. 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். மாற்றிக்கொள்ளலாம் என்ற அழைப்பு அது. குகேஷ் யானையை மாற்றி, மந்திரியையும் கட்டாயமாக மாற்ற வைத்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் தோல்வி. உலக சாம்பியன் பட்டமே அதில் போனது. 18 வயதில் குகேஷுக்கு வந்தது.

அவர்களுக்குள் வித்தியாசம் 55 புள்ளிதான், 2783-க்கு 2728. 55 புள்ளி, 55-ஆவது நகர்வு. நான் ஜாதகம் பார்ப்பதில்லை, சும்மா சொன்னேன். எலோ கணக்குப்படி 14 ஆட்டத்தில் குகேஷ் 8 புள்ளி எடுத்திருக்க வேண்டும், எடுத்தது 7.5.

சோர்வு, அழுத்தம், பலகை காலியானால் நிம்மதி என்ற ஆசை. அது 2728-க்கும் உண்டு போல.

4 அக்டோபர், மதியம் 12.50

செய்தி பார்த்தீர்களா? மேலே நான் எழுதிய 400 வேலியை ஃபிடே உச்சத்தில் இருப்பவர்களுக்கு எடுத்துவிட்டது. அக்டோபர் 1 முதல் 2650-க்கு மேலே உள்ளவர்களுக்கு உள்ளபடி உள்ள வித்தியாசமே கணக்கு.

காரணம் ஹிகாரு நகாமுரா என்று பரவலாகப் பேச்சு. உலகின் இரண்டாம் இடத்துக்காரர். உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு மதிப்பெண் வழியாகப் போக ஓர் ஆண்டில் 40 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. எண்ணிக்கையை நிரப்ப அமெரிக்காவில் லூசியானா, அயோவா என்று உள்ளூர்ப் போட்டிகளில் போய் ஆடினார். எதிரே நம்மைப் போன்ற ஆட்கள். 1000 வித்தியாசம் இருந்தாலும் 400 என்றே கொண்டால் ஒவ்வொரு வெற்றிக்கும் அவருக்கு 0.8 ஏறும். சொட்டு மருந்து மாதிரி. ஊரே இரண்டு கட்சியானது. விதிக்குள்தானே ஆடுகிறார் என்று ஒரு கட்சி, குளத்தில் திமிங்கிலம் என்று இன்னொன்று.

முதல் கேள்வி கேட்டவருக்கு இது சாதகம் போலத் தெரியும். ஆனால் அந்த லூசியானாக்காரர்களின் பக்கமும் யோசியுங்கள். உலகின் இரண்டாம் இடத்துக்காரரோடு மூன்று மணி நேரம், தனி மேசையில். நான் நுழைவுக் கட்டணம் இரண்டு மடங்கு கட்டுவேன். குதிரையையும் கொடுப்பேன்.

12 அக்டோபர், மாலை 7.40

இன்றைக்கு நான் கத்தி.

தீபாவளிக்கு முன் ஒரு நாள் போட்டி. நான் மேல்பாதி, நம்பவே முடியவில்லை. எதிரே எட்டு வயதுச் சிறுமி, மதிப்பெண் பத்தியில் வெறும் சைபர். நாற்காலியில் மண்டியிட்டு உட்கார்ந்தால்தான் மறுகோடிக் காய் எட்டும். "குட் லக், கண்ணு" என்றேன். என்னைப் பார்க்கவில்லை.

12-ஆவது நகர்வு. சிப்பாய் ஒன்றைத் தள்ளி விரலை எடுத்தேன். எடுத்ததும் தெரிந்தது: அவள் குதிரை சி2-க்கு வந்தால் ஈ1-இல் என் ராஜாவுக்கு செக், ஏ1 மூலையில் யானை காலி. சரி, பாடம் படித்திருக்கிறோமே. சாவகாசமாக எழுந்தேன். தண்ணீர் குடிக்கப் போனேன். இருபது வரை எண்ணினேன்.

திரும்பி வந்தபோது குதிரை சி2-இல்.

அவள் என் முகத்தைப் பார்த்திருந்தால்தானே அது பலிக்கும்? ஆட்டம் முழுக்கப் பலகையை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. பிஸ்கட் சாப்பிட்டபோதுகூட. யானை போனது, 41-இல் நானும் போனேன். மதிப்பெண் இல்லாதவரோடு ஆடியது என் கணக்கில் சேராது, அது ஒன்றுதான் ஆறுதல். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா, "ஜெயித்தாயா?" என்று சைகையில் கேட்டார். சிறுமி தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த சுற்று எப்போது என்று நடுவரிடம் கேட்கப் போனாள்.

12 அக்டோபர், இரவு 10.00

"சிப்பாயைத் தள்ளாமல் வேறு என்ன ஆடியிருக்கலாம்" என்று கேட்பவர்களுக்கு: கோட்டை கட்டியிருக்கலாம். தெரியும். நன்றி.

15 நவம்பர், காலை 7.30

அடுத்த சனிக்கிழமை நீண்ட நேர ஓப்பன், பதிவு செய்துவிட்டேன். மறுபடி கீழ்ப்பாதிதான். இந்த முறை திட்டம் இதுதான்: ராணியை மாற்ற மாட்டேன். அவர்களாக மாற்ற வந்தாலும் விலகிப் போவேன். பலகை நிறையக் காய்கள், எல்லாம் சிக்கலாக. பையன் சொன்னானே, ராணி போனபோதே சிப்பாய் போனது என்று. அதையும் பார்த்துவிடுவோம்.

கேள்வி கேட்டவரும் வருகிறாராம். அவருக்கு எதிரே 2300.

22 நவம்பர், பகல் 12.15

23 நகர்வு. ராணியை மாற்றவில்லை. 21-ஆவது நகர்வில் அவராகவே மாற்றிக்கொள்ள வந்தார், நான் கௌரவமாக ஏ5-க்கு விலகிப் போனேன். ராஜா பக்கம் காவல் இல்லாமல் அடுத்த இரண்டே அடியில் மேட்.

மாற்றியிருந்தால் இறுதி ஆட்டத்தில் ஒரு சிப்பாய் குறைவு, அவ்வளவுதான் என்கிறான் மகன். செயலியை மூடச் சொன்னேன்.

கேள்விக்காரர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். யானை ஆட்டம், ஒரு சிப்பாய் கடன், எதிரே இருப்பவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார். இவர் குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசக் கூடாது என்பதால் வெளியே வந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.